சாரதாவுக்குத் தனி வரிசை

விமானத்தில் முதலில் ஏறுகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. அந்தத் தடவை முதலில் ஏறியவள் என் மனைவி.

சிட்னியில் ஃபிஜி விமானத்துக்காக உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் ஒரு பெண், பிசினஸ் கிளாஸ் பயணிகள் தங்கள் வசதிப்படி ஏறலாம் என்று குழைந்தாள். தங்கள் வசதிப்படி! மற்றவர்களை இருக்கை எண் சொல்லிக் கூப்பிடுவார்களாம், அதுவரை அசையக் கூடாதாம். சாரதா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போகட்டுமா?"

"போயேன். நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

அவள் மயக்க மருந்து டாக்டர். கும்பகோணத்தில் இருபத்தைந்து வருடமாக ஆட்களைத் தூங்கவைத்து எழுப்பிக்கொண்டிருந்தவளை, லம்பாசா என்ற ஊரிலிருந்து ஆறு வாரத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தைய வருடம் ஃபிஜியில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு அங்கிருந்த இந்திய வம்சாவளி டாக்டர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விட்டார்கள். அவளுடைய டிக்கெட் அழைத்தவர்கள் கொடுத்தது. என்னுடையது நானே வாங்கியது. நான் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். என்னை யாரும் எந்த நாட்டுக்கும் அவசரமாகக் கூப்பிடவில்லை.

முன்னால் நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேரைக் கவனித்தேன். ஒருவருக்கொருவர் "நீங்கள் முதலில்", "இல்லை, நீங்கள்" என்று வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்துவதற்கு அவசியமே இல்லாதவர்களுக்கு மரியாதை எவ்வளவு சுலபமாக வருகிறது! ஒரு வெள்ளைக்காரர் சாரதாவுக்கு லேசாகத் தலை குனிந்து வழிவிட்டார். அவளும் ஏதோ பிறந்ததிலிருந்தே அந்தக் கம்பளத்தில் நடந்தவள்போல் போனாள்.

என் முறை வந்து உள்ளே நுழைந்தபோது அவள் சூடான துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காததுபோல் பின்னால் போனேன். என் பக்கத்து இருக்கையில் ஒரு ஃபிஜிக்காரர். அவர் தோளே என் இருக்கையில் பாதியை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் ஒரு பீங்கான் கிண்ணத்தில் வறுத்த முந்திரியைக் கொண்டுவந்து, "உங்கள் மனைவி கொடுக்கச் சொன்னார்" என்றாள்.

பக்கத்துக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். திரைச்சீலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மனைவி அங்கே, நீங்கள் இங்கேயா? என்ன தப்பு செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, இருக்கை குலுங்கச் சிரித்தார். முந்திரியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். மீதியும் எனக்கு இறங்கவில்லை.

ஃபிஜியின் நாடி விமான நிலையத்தில் பூப்போட்ட சட்டைக்காரர்கள் கிடார் வாசித்துப் பாடி வரவேற்றார்கள். பெட்டிகள் வந்தன. சாரதாவின் பெட்டியில் 'முன்னுரிமை' என்று ஆரஞ்சு நிறச் சீட்டு கட்டியிருந்தது. அது மூன்றாவதாக வந்தது. என் பெட்டி வருவதற்குள் பாடகர்கள் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் லம்பாசாவுக்குச் சின்ன விமானம். அங்கே எனக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. பெட்டியோடு சேர்த்து ஆளையும் தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்கள்! யார் எங்கே உட்காருவது என்பதை எடைதான் முடிவு செய்கிறது. என்னை விமானிக்கு நேர் பின்னால் உட்காரச் சொன்னார்கள். சாரதா எடை குறைவு, ஆகவே வால் பக்கம். முக்கால் மணி நேரம் நீலக் கடலும் பவளத் திட்டுகளும் முதலில் என் கண்ணுக்குத்தான் பட்டன. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லம்பாசா ஒரே தெருவுள்ள ஊர் என்று சொல்லிவிடலாம். தெருவின் வாசனையே வெல்லப்பாகு வாசனை. கரும்பு வெட்டும் காலம் அது. சர்க்கரை ஆலைக்கு வெளியே கரும்பு லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலே பாய் விரித்துச் சீட்டாடினார்கள். ஒருவன் ரொட்டிப் பொட்டலம் வாங்கப் போனால் பின்னால் நிற்பவன் ஏறி அந்த லாரியையும் முன்னே நகர்த்திவிட்டு வந்து தன் சீட்டை எடுத்துக்கொண்டான்.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. டாக்டரம்மாவின் ஆள். மருத்துவமனை வண்டி காலையில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். யாராவது பப்பாளி கொண்டுவந்து கொடுப்பார்கள், டாக்டரம்மாவுக்கு. யாராவது மீன் கொண்டுவருவார்கள், அதுவும் டாக்டரம்மாவுக்கு. நாங்கள் இரண்டு பேரும் மீன் சாப்பிடுவதில்லை. அது வேறு விஷயம். தபால் நிலையத்தில் நான் அரைமணி நேரம் நின்றேன். மறுநாள் அவள் போனபோது உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள்.

ஆனால் லம்பாசாவில் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான் மட்டுமில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ குடியேற விண்ணப்பித்தால் வயதுக்கு இவ்வளவு பாயிண்ட், படிப்புக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு. முடி வெட்டப் போனேன். கடைக்காரர் என் தலையைப் பிடித்துக்கொண்டு தன் தம்பியைப் பற்றியே பேசினார். இந்தியில் பேசியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

"அவன் வெல்டர். வெல்டருக்குப் பாயிண்ட் உண்டு. பார்பருக்குக் கிடையாது. ஏன், ஆக்லாந்தில் யாருக்கும் முடி வளராதா? நான்தான் அவனை வெல்டிங் படிக்கவைத்தேன். என் காசு!" கத்தரிக்கோல் என் காதருகில் அவ்வளவு வேகமாகப் போனது.

தெருவோரங்களில் தையல் மெஷின், குக்கர், கட்டில், பீரோ என்று வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளில் கூரைத் தகரத்தையும் பிரித்து விற்றாகிவிட்டது. மரச்சட்டம் மட்டும் நிற்கும். நடுவில் துளசி மாடம் இருக்கும்.

ஆறுமுகத்தை மருத்துவமனை நடையில்தான் பார்த்தேன். சாரதாவிடம் நான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"நீங்க மதராஸா?" என்று ஓடிவந்தார். அறுபது வயது இருக்கும். வெயிலில் வெந்த உடம்பு. "எங்க தாத்தா மதராஸ். கிர்மிட்டுலே கப்பல் ஏறி வந்தவரு. கரும்பு வெட்ட ஒப்பந்தம்தானே அப்போ. எங்கம்மா எங்களை தமிழ்லேதான் வையும். அதனாலே எனக்கு வருது. என் பொண்ணுக்கு வராது, அதுக்கு இந்திதான், இங்கிலீஸுதான்."

அவர் மனைவி அஞ்சலை மழையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தாள். முதல் வாரத்தில் சாரதா மயக்க மருந்து கொடுத்தது அவளுக்குத்தான். அன்றிலிருந்து ஆறுமுகம் என்னைத் தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். பேராசிரியர் என்று சொன்னதால் நான் அவருக்கு மாஸ்டர்ஜி ஆனேன். அந்தத் தீவில் என் தொழிலைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஒரே மனிதர்.

புலிலேகாவில் அவர் வீடு. சுற்றிலும் கரும்பு. மத்தியானம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யங்கோனா கரைப்பார்கள். ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்த சேற்று நிறக் குடிநீர் அது, நாக்கு மரத்துப்போகும். அதைக் கொட்டாங்கச்சியில் கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. விருந்தாளிக்குத்தான் முதல் கொட்டாங்கச்சி. ஒரு தடவை கை தட்டி வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன். எல்லோரும் மூன்று தடவை கை தட்டினார்கள். சாரதா அன்று கூட வரவில்லை என்பதில் எனக்கு ஏற்பட்ட நிறைவை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நான்காவது வாரம் ஆறுமுகம் சொன்னார்: "நிலத்து லீசு முடிஞ்சிருச்சு, மாஸ்டர்ஜி. நிலத்துக்காரங்க மறுபடி குடுக்க மாட்டாங்க. பொண்ணு சிட்னியிலே நர்ஸு. எங்களை கூப்பிட்டுக்கிச்சு, விசா வந்திருச்சு. நீங்க போற பிளேன்லேதான் நாங்களும்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வழித்துணை ஆயிற்று, தமிழ் பேசிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அன்று மாலை சாரதாவிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் அவள். "கால் நீட்டியே இருக்கணும்னு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துட்டு அவங்க பொண்ணு ரெண்டு பேருக்கும் பிசினஸ் கிளாஸ் எடுத்துட்டா. எனக்கு முன் சீட்டு."

நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் முழங்காலும்தான் வலிக்குது" என்றேன்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?" என்றாள் அவள், நிஜமான அக்கறையோடு.

மனைவி முன்னால் போவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவள் படித்த படிப்பு அப்படி. கரும்புக் கொல்லைக்காரர் ரப்பர் செருப்போடு முன்னால் போவார், முப்பது வருடம் பாடம் நடத்திய நான் கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையில் உட்காருவேன். அந்த இரவும் அடுத்த பத்து நாளும் எனக்குள் ஓடியது இதுதான். வேனில் அவர் பேசியதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். அவர் ஊரைவிட்டுப் போகிற துக்கத்தில் இருந்தார், அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள். லம்பாசாவிலிருந்து சின்ன விமானத்தில் நாலு பேரும் நாடிக்கு வந்தோம். பெரிய கூடம் முழுக்கக் கூட்டம். ஒரு குடும்பத்தை வழியனுப்ப இருபது பேர் வந்திருந்தார்கள். பாயைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடியைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகாரி ஒரு அம்மாவிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எகானமி வரிசை கூடத்தைச் சுற்றி வளைந்து கதவுக்கு வெளியே போனது. பிசினஸ் கிளாஸ் கவுண்டரில் மூன்றே பேர்.

சாரதா அஞ்சலைக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்ய விமான நிறுவன அறைக்குப் போனாள். மருத்துவக் கடிதத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டுமென்று, பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த ஆறுமுகம், அஞ்சலை இருவர் டிக்கெட்டையும் தன் ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டாள். போகும்போது என்னிடம், "நீங்க என் பெட்டியோட இந்த வரிசையில நில்லுங்க. அவங்க வந்தா கூட நிறுத்திக்குங்க. நான் வந்துடறேன்" என்றாள்.

நின்றேன். சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் பித்தளைத் தூண், தடித்த கயிறு. நான் கோட்டு போட்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற சுவா நகரத்து வியாபாரி, நானும் அந்த வகுப்பு என்று நினைத்து, "கூட்டத்தைப் பார்த்தீர்களா? நாடே கிளம்புகிறது" என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டார். "ஆமாம்" என்றேன், நானும் அலுப்போடு. அவர் என்னிடம் பேசியது எனக்கு நன்றாக இருந்தது.

அப்போதுதான் ஆறுமுகமும் அஞ்சலையும் வந்தார்கள். அவர் தொளதொளவென்று புது பழுப்புக் கோட்டும் அதே ரப்பர் செருப்புமாக. அவள் ஊன்றுகோலை வைத்து ஒவ்வொரு அடியாக. எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

வியாபாரி திரும்பிப் பார்த்தார். "எகானமி அந்தப் பக்கம்" என்று இந்தியில் சொன்னார். கோபமாக இல்லை. வழி தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் தோரணையில். ஆறுமுகம் சிரித்துக்கொண்டே நின்றார். கவுண்டரிலிருந்து ஒரு பெண் வந்தாள். டிக்கெட் கேட்டாள்.

"டிக்கெட்டு டாக்டரம்மாகிட்டே இருக்குது" என்று அவர் இந்தியிலும் சொன்னார், ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தார். எந்த டாக்டரம்மா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அஞ்சலை என்னைக் காட்டி, "மாஸ்டர்ஜி இருக்காரே" என்றாள்.

அந்தப் பெண் என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "சார், இவர்கள் உங்களோடு வந்தவர்களா?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். வியாபாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லம்பாசாவில் தெரிந்தவர்கள்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்ன மாதிரியிலேயே அந்தப் பெண்ணுக்கு விடை கிடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையை நீட்டி நீண்ட வரிசையைக் காட்டினாள். ஆறுமுகம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அஞ்சலையின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். கயிற்றைத் தாண்ட அவளால் காலைத் தூக்க முடியவில்லை. அந்தப் பெண் கொக்கியைக் கழற்றிவிட்டாள்.

அவர்கள் கதவுப்பக்கம் போவதை நான் பார்க்கவில்லை. சாரதாவின் பெட்டியில் தொங்கிய ஆரஞ்சுச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாரதா வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் பின்னால் வந்தான்.

"அவங்க எங்கே?"

கதவைக் காட்டினேன். அவள் ஓடினாள். திரும்பி வரும்போது அஞ்சலை நாற்காலியில் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் உப்பி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. சாரதா குனிந்து அந்த வாரை மெல்ல அவிழ்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்க இங்கேதானே நின்னீங்க?"

"கூட்டத்துல கவனிக்கலை" என்றேன்.

இது பொய். ஆறுமுகம் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் சாரதா அஞ்சலையைப் பிசினஸ் கிளாஸ்காரர்களின் ஓய்வறைக்கு அழைத்துப்போனாள். அங்கே கால் நீட்டிப் படுக்கச் சோபா உண்டாம். நான் பொதுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஆறுமுகம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க அங்கே போகலையா?" என்று கேட்டேன்.

"அங்கே எனக்கு என்னா வேலை? அவ படுத்துக்கிட்டா போதும்." கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே விமானத்தைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "போன வருஷம் கலாட்டா நடந்திச்சு இல்லே, அப்போ எங்க ஊட்டுக்கு ஃபிஜிக்கார ஆளுங்க வந்தாங்க. பத்துப் பன்னெண்டு பேரு. மாட்டை அவுத்துக்கிட்டாங்க, ஜெனரேட்டரை தூக்கினாங்க. நான் கையெடுத்து கும்பிட்டேன். எங்க பெரியப்பா மவன் பக்கத்து ஊடு. அவன் தாழ்வாரத்துலே நின்னுகிட்டு பாத்தான். வந்தவங்களை அவனுக்கு நல்லா தெரியும், ஒண்ணா உக்காந்து யங்கோனா குடிக்கிறவங்க. அவங்க பாஷையிலே ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பாங்க. சொல்லலே. நின்னான்."

நான் என் போர்டிங் அட்டையை மடித்து விரித்தேன்.

"அப்புறம் அவன்கிட்டே நான் கேக்கலே. கேக்கறதுக்கு என்னா இருக்குது? எனக்கு தெரியும். அந்த வாரம்தான் எங்க விசா பேப்பரை சிட்னியிலே எடுத்துக்கிட்டாங்கன்னு லெட்டர் வந்திச்சு. அவன் மூணு தடவை போட்டான், அவனுக்கு வரலே. அவன் புள்ளைங்க எல்லாம் அங்கேயே கெடக்கணும். மனசு எரியாதா? எரியும். அவனுக்கு அவ்ளோ கொறைச்சல் இருந்திச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்னாங்க கொறைச்சல், மாஸ்டர்ஜி?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், கரும்பில் பூச்சி ஏன் விழுந்தது என்று விசாரிப்பதுபோல. என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். படித்தவன், ஏதாவது காரணம் வைத்திருப்பேன் என்று நிஜமாகவே எதிர்பார்த்தார். நான் யோசித்தேன். ஊரில் வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, யாரும் என்னை எங்கேயும் போகச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அவகிட்டே கேளுங்க. வலி அவளுக்குத்தானே" என்றார்.

ஒலிபெருக்கி பிசினஸ் கிளாஸ் பயணிகளைக் கூப்பிட்டது. ஓய்வறைப் பக்கமிருந்து சக்கர நாற்காலி வந்தது. ஆறுமுகம் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், அதைத் தள்ளியவனிடமிருந்து தானே வாங்கித் தள்ளினார். வியாபாரி ஒதுங்கி, "நீங்கள் முதலில்" என்றார். அவர்கள் முதலில் போனார்கள்.

நான் கடைசி ஆட்களில் ஒருவனாக ஏறினேன். முன்பகுதியில் அஞ்சலை காலை நீட்டி, போர்வை போர்த்திப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. நான் அவளிடம் கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் சாரதா ஏதோ பழரசம் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"சாரதா, நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டா. உங்களோட வந்தவங்களான்னு கேட்டா. நான் சொல்லலை. தெரிஞ்சேதான் சொல்லலை."

அவள் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அப்படி ஒரு தடவை அவள் என்னைப் பார்த்ததில்லை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தையை இடுப்பு மாற்றினார்கள். கட்டிய பாய் ஒன்று என் தோளில் இடித்தது.

"போய் உக்காருங்க" என்றாள் சாரதா. "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."